உரோமாபுரியில் ஒரு வீட்டைத் தேடி

(பொன்விழாத் தொடக்க நாளன்று மாலை கோவில் முற்றத்தில் நடைபெற்ற கூட்டத்தில், நம் பங்கின் ஓய்வுபெற்ற உபதேசியார் ஆற்றிய உரை)



ஓய்வுபெற்ற உபதேசியாருக்கு ஒலிபெருக்கியைக் கொடுத்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நம் பங்குத் தந்தை துணிந்துவிட்டார்கள். "நீங்கள் இருவரும் உரோமாபுரி போய் வந்ததைப் பற்றிச் சொல்லுங்கள். போய் வந்து இத்தனை காலமாகியும் வாய் திறக்கவில்லையே" என்று கேட்டார்கள். வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. அதையும் சேர்த்தே இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கடனைச் சொல்ல வேண்டும். 2022ம் ஆண்டு மே மாதம் 15ந் தேதி நம் மண்ணின் வேதசாட்சி தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது, பங்கு மக்களாகிய நீங்கள் ஒன்றுகூடி, "நாற்பது வருஷம் ஊழியம் பார்த்த உபதேசியாரை அனுப்பி வைப்போம்" என்று முடிவு செய்தீர்கள். ஒருவருக்குப் பணம் சேர்ந்தது. நானும் பெட்டி வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரி, "நீங்க போயிட்டு வாங்க, ஆடு ரெண்டு கிடக்கு, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சரி என்றேன். இதில் ஏதோ பிசகு இருக்கிறதென்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது மாதர் சங்கத்துத் தாய்மார்களுக்குத்தான். "உபதேசியாரம்மா வராமல் உபதேசியார் மட்டும் போறதா?" என்று அவர்கள் கேட்டார்கள். சேர்த்து வைத்திருந்த பிடியரிசிப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆக, உரோமாபுரிக்கு நான் போனது உங்கள் காணிக்கையில். அவள் போனது பிடியரிசியில்.

விமானம், விசா, பாஸ்போர்ட்டுக்கு அலைந்த அலைச்சல் இவையெல்லாம் வேண்டாம். அதைச் சொன்னால் பொழுது விடிந்துவிடும். ஒன்று மட்டும். விண்ணப்பத்தை நிரப்பிய பையன் "அம்மா பேரு?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற நம் ஊர்ப் பையன், "உபதேசியாரம்மான்னு போடு" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் அவளை ஞானஸ்நானப் பெயர் சொல்லி அழைக்கிறவர் ஒருவரும் கிடையாது. நானும் கூப்பிட்டதில்லை.

மே 15 ஞாயிற்றுக்கிழமை. இராயப்பர் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். நடுவே எகிப்திலிருந்து கொண்டுவந்து நட்ட ஒற்றைக் கல்தூண். இருபுறமும் அணைக்க நீட்டிய கைகளைப்போல் வளைந்து செல்லும் 284 தூண்கள். அன்றைய திருத்தந்தை பிரான்சிஸ் பதின்மரைப் புனிதர்களாக அறிவித்தார். அறுவர் ஆண்கள், நால்வர் பெண்கள். அவர்களில் குருக்கள் உண்டு, துறவிகள் உண்டு, சபைகளை நிறுவியவர்கள் உண்டு. குடும்பஸ்தர், இல்லறத்தார் என்று பார்த்தால் நம் தேவசகாயம் ஒருவர்தான். இந்தியப் பொதுநிலையினரில் புனிதர் பட்டம் பெற்ற முதல்வரும் அவரே. நட்டாலத்தில் 1712ல் பிறந்து, அரச சேவையில் இருந்து, டச்சுத் தளபதி டிலனாயின் வாய்மொழியால் மனம் திரும்பி, 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14ந் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தவர். சாதி வித்தியாசம் பாராமல் எல்லோருடனும் பழகியதும் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. அதனால்தான் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப்பட்டத்தையும் திருச்சபை எடுத்துவிட்டது. அவருடைய பெயர் உச்சரிக்கப்பட்டதும் சதுக்கத்தின் ஒரு மூலையில் தமிழ்க் குரல்கள் எழும்பின பாருங்கள், அதை என்னால் விவரிக்க இயலாது. நான் அழுதேன்.

பேராலய முகப்பில் பத்துப் பேருடைய படங்களும் பெரிய பெரிய துணிகளில் தொங்கின. என் மனைவி தேவசகாயத்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முடிந்ததும் என்னிடம் கேட்டாள்: "ஞானப்பூ அம்மாவுக்கு எங்கேயாவது ஒரு படம் இருக்குமா?"

ஞானப்பூ அம்மாள் தேவசகாயத்தின் மனைவி. பார்கவி என்ற பெயருடன் இருந்து, கணவருடைய போதனையால் தாமும் ஞானஸ்நானம் பெற்றவர். தெரேசா என்ற பெயரைத்தான் நம் முன்னோர் ஞானப்பூ என்று தமிழாக்கி அவருக்குச் சூட்டினார்கள். கணவர் விலங்கு பூட்டப்பட்டு ஊர் ஊராய் இழுக்கப்பட்டபோது அந்த அம்மாள் என்ன பாடு பட்டிருப்பார்! எனக்குப் பதில் தெரியவில்லை. "கூட்டம் கலையுது, கையைப் பிடி" என்றேன்.

மறுநாள் முதல் ஊர் சுற்றிக் காட்டினார்கள். உரோமாபுரியில் அவளுக்கு முதலில் பிடித்துப்போனது கோவிலும் அல்ல, கோட்டையும் அல்ல, தெருக்குழாய்! நம்மூர்ப் பாட்டிமார் சிரிக்க வேண்டாம். அந்த நகரத் தெருக்களில் வார்ப்பிரும்புக் குழாய்த்தூண்கள் ஏறக்குறைய 2,500 இருக்கின்றனவாம். குழாய் வளைந்து மூக்குப்போல் நீட்டிக்கொண்டிருப்பதால் பெரிய மூக்கன் என்றே ஊர்க்காரர்கள் அதை அழைக்கிறார்கள். இராப்பகலாகக் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள துவாரத்தின் வழியாகத் தண்ணீர் வளைந்து பீச்சும், குனியாமல் குடிக்கலாம். ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தவள் அவள். "இதை அடைக்க மாட்டாகளா? இப்படி வீணாப் போகுதே" என்று மூன்று நாளும் புலம்பினாள். திரெவி நீரூற்றில் எல்லோரும் காசு போட்டார்கள். அந்தக் காசைத் திரட்டி காரித்தாஸ் மூலம் ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகே அவள் முந்தியை அவிழ்த்தாள்.

இயேசு சபையாரின் தாய்க்கோவிலான 'ஜேசு' ஆலயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பீடத்தில் புனித சவேரியாருடைய வலது கையின் முன்பகுதி வைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய திருவுடல் கோவாவில் இருப்பது நமக்குத் தெரியும். இந்தக் கையை மட்டும் 1614ல் உரோமாபுரிக்குக் கொண்டுவந்தார்கள். 1542ல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து, செபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடம் பண்ணி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டியவர் அவர். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கையே சோர்ந்துபோனதாகக் கடிதம் எழுதியவரும் அவரே. அந்தக் கைதான் இது. நம் கடற்கரைப் பிள்ளைகளின் தலைமேல் தண்ணீர் வார்த்த கை! எங்கள் கூட்டத்திலிருந்த கடற்கரைக்காரர் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார்.

அங்கே நின்றபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஏனென்றால், சவேரியார் ஒரு ஊரில் நிரந்தரமாகத் தங்கியவர் அல்ல. அடுத்த ஊருக்குப் புறப்படுமுன் ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை, அதாவது உபதேசியாரை, நியமித்துவிட்டுப் போனார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தையே எழுதிக் கேட்டு வாங்கினார். விண்ணகம் ஏற அரசிக்கு அதைவிட நல்ல செருப்பு இல்லை என்று எழுதினாராம்! என் உத்தியோகத்தின் மூலபுருஷர் முன் நிற்கிறேன் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள் மெள்ளச் சொன்னாள்: "அந்தக் கணக்கப்பிள்ளைமாருக்குச் சோறு பொங்கிப் போட்டவுகளும் இருந்திருப்பாக."

கொலோசேயம் பெரிய கட்டடம். கி.பி. 80ல் திறக்கப்பட்டது, ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து மனிதன் சாவதை வேடிக்கை பார்த்த இடம். அப்பியா சாலையிலுள்ள கலிஸ்து சுரங்கக் கல்லறைகளில் புனித செசிலியம்மாளின் உடல் வைக்கப்பட்டிருந்த இடத்தைக் காட்டினார்கள். நம் பாடகர் குழுவுக்குப் பாதுகாவலியான அந்த அம்மாள், கணவன் வலேரியானை வேதத்துக்குக் கொண்டுவந்த மனைவி என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். சின்னப்பருடைய பேராலயத்தில் அவருடைய கல்லறையைத் தரிசித்தோம். இவற்றையெல்லாம் படத்திலும் பார்க்கலாம். ஆகவே கடைசி நாளுக்கு வருகிறேன்.

அன்று பிற்பகல் கடைகளுக்குப் போக நேரம் விட்டார்கள். என் மனைவி, "கடை வேண்டாம். பிரிஸ்கில்லா வீட்டுக்குப் போகலாம்" என்றாள். பல வருஷங்களுக்கு முன் ஒரு தியானத்தில் கன்னியர் அம்மா ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம், ஆக்கிலா பிரிஸ்கில்லா வீடு இருந்த இடத்தில் உரோமாபுரியில் ஒரு கோவில் இருக்கிறதென்று. அத்தனை வருஷமும் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். எங்களுடன் வந்த குருவானவர் வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

இந்தத் தம்பதிகளைப் பற்றி இங்கே இளைஞர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஆக்கிலா போந்து நாட்டு யூதர், கூடாரம் செய்கிறவர். மனைவி பிரிஸ்கில்லா; செல்லமாகப் பிரிஸ்கா. உரோமையில் குடியிருந்தார்கள். கி.பி. 49 வாக்கில் கிளவுதியு அரசன் யூதர்களை நகரைவிட்டு விரட்டியபோது மூட்டை கட்டிக்கொண்டு கொரிந்துக்குப் போனார்கள். அங்கே வந்து சேர்ந்த சின்னப்பருக்கும் அதே தொழில். ஆகவே அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களுடனேயே கூடாரம் தைத்து, ஓய்வுநாளில் பிரசங்கித்தார். பிறகு எபேசுக்குச் சேர்ந்து போனார்கள். அங்கே அப்பொல்லோ என்ற பெரிய நாவலர் வந்து அழகாகப் பிரசங்கித்தார். ஆனால் விஷயம் அரைகுறை. சபையில் எழுந்து அவரை மட்டம் தட்டாமல், இருவரும் அவரைத் தனியே அழைத்துப்போய் வேதத்தைச் சரியாக விளக்கினார்கள். பின்பு உரோமைக்கே திரும்பினார்கள். தமக்காகக் கழுத்தைக் கொடுக்கத் துணிந்தவர்கள் என்று சின்னப்பர் நன்றியோடு எழுதுகிறார். அவர்கள் வீட்டில் கூடும் சபைக்கும் வாழ்த்துச் சொல்கிறார்.

விவிலியத்தில் இந்த இருவர் பெயரும் ஆறு இடங்களில் வருகிறது. ஆறிலும் சேர்ந்தே வருகிறது. ஒருவரை விட்டு ஒருவர் இல்லை. அந்த ஆறில் நான்கு இடங்களில் மனைவியின் பெயர்தான் முதலில்! ஆண் பெயரை முதலில் எழுதும் அந்தக் காலத்தில் இப்படி எழுதியிருக்கிறார்களே என்று அறிஞர்கள் வியக்கிறார்கள். திருத்தந்தை 16ம் ஆசீர்வாதப்பரும் 2007 பிப்ரவரி 7ந் தேதி தமது புதன்கிழமை உரையை இந்தத் தம்பதிகளுக்கே ஒதுக்கினார். நான் நாற்பது வருஷம் வேதாகமம் வாசித்தவன். எத்தனையோ முறை இந்த வாழ்த்துப் பகுதியை, பெயர்ப்பட்டியல்தானே என்று கடகடவென்று வாசித்து முடித்திருக்கிறேன்.

சரி, வழிக்கு வருவோம். கொலோசேயத்திலிருந்து பாதாள ரயிலில் அடுத்த நிலையத்தில் இறங்கினால், பழைய காலத்தில் தேரோட்டப் பந்தயம் நடந்த பெரிய மைதானம் புல்வெளியாகக் கிடக்கிறது. அங்கிருந்து மேடேறினால் அவெந்தின் குன்று. அவளுக்கு முழங்கால் வலி. மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். கோவில் பூட்டியிருந்தது! உரோமாபுரிக் கோவில்கள் பலவும் மத்தியானம் பூட்டி மாலையில்தான் திறப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்குத்தான் சொன்னேன், எல்லோரும் போற இடத்துக்குப் போகணும்னு" என்று நடுத்தெருவில் சத்தம் போட்டேன். அவள் பதில் பேசாமல் படியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்துக்கொண்டாள். கோபம் ஆறட்டுமென்று நான் எழுந்து நடந்தேன். கொஞ்ச தூரத்தில் புனித சபினா ஆலயம். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் மரக்கதவில், ஆண்டவர் சிலுவையில் அறையுண்ட காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய சிலுவைக் காட்சிகளில் அதுவும் ஒன்றாம். சபினா என்ற சீமாட்டியை வேதத்துக்குக் கொண்டுவந்தவள் அவள் வீட்டு வேலைக்காரி செராபியா என்று பாரம்பரியம். இங்கேயுமா என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. சின்னக் கோவில்தான். நம் கோவிலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. பளபளப்பு இல்லை, பழைய தூண்கள் சுவரோடு சுவராகப் புதைந்திருக்கின்றன. இராயப்பர் ஞானஸ்நானம் கொடுக்கும் படம் பீடத்துக்கு மேலே இருந்தது. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கும்பிட வந்த இருவருக்கு அந்த அமைதி போதும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கோவிலின் பிரிஸ்கா, சின்னப்பருக்கு உதவிய பிரிஸ்காதானா, அதே பெயரில் பின்னால் வந்த வேதசாட்சியா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். ஆதித்திருச்சபைக்குக் கோவில் கட்டடம் கிடையாது. வீடுகளில்தான் அப்பம் பிட்டார்கள். உரோமையின் பழைய கோவில்கள் பலவற்றுக்கு வீட்டுக்காரர்களின் பெயரே நிலைத்துவிட்டதென்று சொல்வார்கள். கர்தினால்மாருக்கு ஆளுக்கொரு கோவிலாகப் பெயரளவில் ஒப்படைப்பதும் இன்றுவரை தொடர்கிறது. இந்தப் பிரிஸ்கா கோவில் 1953ல் யாருக்கு ஒப்படைக்கப்பட்டது தெரியுமா? வெனீஸ் நகர் ரொங்கால்லி ஆண்டகைக்கு! அவரே பிற்பாடு 23ம் அருளப்பராகத் திருத்தந்தை ஆகி வத்திக்கான் சங்கத்தைக் கூட்டினவர். அந்தச் சங்கம் 1965ல் வெளியிட்ட பொதுநிலையினர் பணி பற்றிய விதித்தொகுப்பு, சின்னப்பருக்குத் துணைநின்ற ஆண் பெண்களை எடுத்துக்காட்டும்போது இந்தத் தம்பதிகள் வரும் வசனங்களைத்தான் குறிப்பிடுகிறது.

கோவிலின் ஓரமாக ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. பழங்கால உரோமைத் தூணொன்றின் தலைப்பகுதியைக் குடைந்து செய்தது. இராயப்பர் இதில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது அங்குள்ளவர்களின் பாரம்பரியம். அவள் அதன் விளிம்பில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்கு நான் சொம்புலதான் தண்ணி எடுத்தேன்."

அன்பர்களே, நான் இதுவரை இதைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

1986ம் வருஷம் ஐப்பசி. நாங்கள் ஓடைக்கு அப்பாலுள்ள கிளைக்கோவில் ஊரில் இருந்தோம். கோவில் என்று தனியாக ஒன்றும் அப்போது இல்லை. எங்கள் வீட்டு முன்னறைதான் கோவில். மாதம் ஒருமுறை பூசை. மற்ற நாளெல்லாம் இரவுச் செபம், ஞானோபதேசம். எனக்குக் கிடைத்த சம்பளம் பாதி மாதத்துக்குக் காணாது. ஆகவே அவள் பீடி சுற்றினாள். ஊர்ப் பெண்பிள்ளைகளும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். கை இலையை உருட்டும். வாய் விசுவாசப் பிரமாணம் சொல்லும். புதுநன்மைக்கு அந்த ஊரில் தயாரானவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் திண்ணையில் படித்தவர்கள். நான் பிரசங்கம் பண்ணிவிட்டு வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு திருத்தமும் வரும். "ரெண்டாவது சொன்ன புதுமை கானாவூர்ல நடந்தது, நீங்க கப்பர்நாகூம்னுட்டீங்க" என்பாள். அப்பொல்லோவைப் போலப் பணிவாகக் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். சோற்றைப் பார் என்பேன்.

அந்த ஐப்பசியில் நான் பங்குத் தலைமையூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மழை பிடித்து ஓடை நிரம்பிவிட்டது. இரண்டு நாள் திரும்ப முடியவில்லை. அந்த இரவில் ஒரு வீட்டில் குறைமாதப் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். என் மனைவி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி, சொம்பில் தண்ணீர் எடுத்து, முறையாக வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தாள். ஆபத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம்; அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். பிறகு விடியும்வரை பிள்ளையைத் தன் மார்போடு அணைத்துச் சூடு காட்டினாள். பிள்ளை பிழைத்தது.

மீதிச் சடங்குகளுக்குப் பிள்ளையைத் தலைமையூருக்குக் கொண்டுபோனபோது நான்தான் சீட்டு எழுதினேன். "ஞானஸ்நானம் கொடுத்தவர்" என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஏன் எழுதினேன்? உபதேசியார் இருக்க, பெண்பிள்ளை கொடுத்தாள் என்று இருந்தால் நன்றாயிருக்காது என்று நினைத்தேன். ஊரில் இல்லாமல் போய்விட்டேன் என்ற வெட்கமும் இருந்தது. அப்போதிருந்த சுவாமியார் விவரமாகக் கேட்டார்: "தண்ணீர் தலையில் ஓடியதா? வார்த்தைகளை முழுவதும் சொன்னீரா?" நான் அங்கே இல்லவே இல்லை. "ஓடியது சுவாமி, சொன்னேன் சுவாமி" என்றேன். என் மனைவி கோவில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. 36 வருஷமாக ஒன்றும் சொல்லவில்லை. உரோமாபுரியில் அந்தத் தொட்டியின் பக்கத்தில் சொன்னதும் குற்றச்சாட்டு அல்ல, சொம்பைத்தான் சொன்னாள்.

நான் அங்கேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு என்னங்க, பிள்ளை பிழைச்சுதே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். இந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் சொல்லாமல் விட்டிருந்தால், நான் முதல் வாக்கியத்தோடு நிம்மதியாக ஊர் வந்து சேர்ந்திருப்பேன்.

ஊர் திரும்பியதும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதன்பின் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே, அறைவீட்டு மேசையில் உட்கார்ந்து, நம் பங்குத் தந்தையிடமும் சொன்னேன். அவர்கள் ஆயர் இல்லத்துக்கு எழுதி அனுமதி பெற்று, பழைய பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே ஓரக்குறிப்பாக, ஞானஸ்நானம் கொடுத்தவர் இன்னார் என்று அவளுடைய பெயரை எழுதினார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளை இன்று இந்தப் பந்தலில் தன் மனைவி மக்களோடு உட்கார்ந்திருக்கிறது. சம்மதம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். என் மனைவியின் பெயரையும் மேடையில் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று அவள் எச்சரித்திருக்கிறாள்.

இப்போது காலமும் மாறியிருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10ந் தேதி வெளியிட்ட கடிதத்தின் மூலம் உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக நிறுவினார். ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும். எங்கள் காலத்தில் ஆண்களுக்கு உபதேசியார் பயிற்சி என்றால், மனைவிமாருக்குத் தையலும் சமையலும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் பொன்விழா மலரில், பங்காக உயருமுன் கிளையாக இருந்த காலந்தொட்டு இங்கு ஊழியம் செய்த உபதேசியார்களின் பட்டியல் அச்சாகப்போகிறது. பதினொரு பேர். பங்குத் தந்தை அந்தப் பட்டியலை என்னிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, மனைவிமாரின் பெயர்களையும் எழுத ஆரம்பித்தேன். ஏழு பெயர்கள் கிடைத்துவிட்டன. நான்கு கிடைக்கவில்லை. ஒருவர், கோவில் கிணற்றடியில் நிற்கும் வேம்பை நட்ட அம்மாள். இன்னொருவர், அம்மை கண்ட வீடுகளுக்கெல்லாம் இளநீர் கொண்டுபோனவர் என்று என் மாமியார் சொல்வார். மற்ற இருவரைப் பற்றி அதுகூட இல்லை. கல்லறைத் தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். சிலுவைகள் சாய்ந்து எழுத்து அழிந்துவிட்டது.

இங்கே எண்பது தாண்டிய பாட்டிமார் சிலர் இருக்கிறீர்கள். உங்களில் யாருக்காவது அந்தப் பெயர்கள் நினைவிருந்தால், வருகிற ஞாயிறு முதற்பூசை முடிந்ததும் சொல்லுங்கள். நோட்டு அறைவீட்டுத் திண்ணையில் இருக்கும். எழுதிக்கொள்ள என் மனைவி உட்கார்ந்திருப்பாள்.